கரைக்கு உள்ளே ஒரு மனை

எந்தக் கண்டம் எங்கே இருக்கிறது, எந்த மலை எப்படி உண்டானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை சமூக அறிவியல். வரலாறும் குடிமையியலும் அதில் சேர்ந்தவைதான் என்றாலும் பள்ளிக்கூடம் முழுக்க எனக்குப் பெயர் ஜாக்ரபி டீச்சர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கே நான் எழுதப்போகிற காரியத்துக்கு அந்த மிதப்புதான் பாதிக் காரணம்.

என் பாடத்துக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். நடத்துவதற்கு நான், படத்தைத் தூக்கி வருவதற்கு ஆயாம்மா. ஆயாம்மா எங்கள் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறார். பெருக்குவது, மணி அடிப்பது, சுற்றறிக்கை கொண்டுபோவது எல்லாம் அவர்தான். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற மேப் ரூமின் சாவியும் அவரிடம்தான். கட்டையில் சுருட்டிய படங்களை இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுக்கிக்கொண்டு, மறு கையில் உலக உருண்டையோடு இரண்டு மாடி ஏறி வருவார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் சுருளைப் பாதி பிரித்ததுமே அது எந்தக் கண்டம் என்று சொல்லிவிடுவார். தென்னமெரிக்காவுக்கு அவர் வைத்த பெயர் கேரட். ஆஸ்திரேலியா, பிய்ந்த தோசை. "இன்னைக்கு கேரட்டா டீச்சர், தோசையா?" என்று வராந்தாவில் அவர் கேட்பதைப் புதிதாக வந்த தலைமையாசிரியர் ஒருமுறை கேட்டுவிட்டு, நாங்கள் டிபன் பற்றிப் பேசுகிறோம் என்று முறைத்தார்.

நிலத்தோற்றங்களை மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்வது பாடப்புத்தகத்தின் வழக்கம். கண்டங்களும் பெருங்கடல்களும் முதல் நிலை. மலை, பீடபூமி, சமவெளி இரண்டாம் நிலை. ஆறும் காற்றும் பனியும் கடலும் அவற்றை அரித்தும் நிரப்பியும் உண்டாக்குகிற பள்ளத்தாக்கு, மணல்மேடு, டெல்டா எல்லாம் மூன்றாம் நிலை. இதைப் பிள்ளைகளுக்கு நான் வீட்டை வைத்துச் சொல்வேன். மனை முதல் நிலை, சுவரும் கூரையும் இரண்டாம் நிலை, சுவரில் நீங்கள் கிறுக்கி வைத்திருப்பது மூன்றாம் நிலை. சிரிப்பார்கள். ஜன்னல் வழியாகத் தெரிகிற மலைக்கோட்டையைக் காட்டி, "அது மலையா, குன்றா, வெறும் பாறையா?" என்று கேட்டு அரை வகுப்பைச் சண்டை போட வைப்பேன். ஆற்றுப் பாடம் வந்தால் எனக்கு இன்னும் குஷி. வெள்ளச் சமவெளிக்கு நான் தரும் விளக்கத்தைப் பத்து வருஷம் முன்பு படித்த பிள்ளைகள்கூடக் கடைத்தெருவில் பார்த்தால் ஒப்பிப்பார்கள்: "ஆறு எப்பவாவது வந்து படுத்துக்கிறதுக்காக ஒதுக்கி வச்சிருக்கற இடம். காலியாத்தானே இருக்குன்னு நீ போய்ப் படுத்தா, அது வரும்போது உன்னை எழுப்பிக் கேட்டுட்டு வராது."

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு மாசி மாதம். ஏழாம் வகுப்பில் படத்தை மாட்டிவிட்டுப் போகாமல் கதவோரம் ஆயாம்மா நின்றார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"சொல்லுங்க ஆயாம்மா."

"எங்க வீட்டுக்காரரு ஒரு மனை பாத்துட்டு வந்திருக்காரு. திருவானைக்காவலுக்கு அங்கிட்டு. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்றீங்களா?"

"மனை வாங்கறதைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"நீங்க ஜாக்ரபி டீச்சராச்சே. மண்ணும் தண்ணியும் உங்களுக்குத் தெரியாததா?"

அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். அவர்கள் பாலக்கரையில் ஒரே அறை உள்ள வாடகை வீட்டில் இருந்தார்கள். ஆயாம்மாவின் கணவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். முதுகு விட்டுப்போவதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார் என்று ஆயாம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்கள் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த மனைக்குள் போகப்போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விருந்தாளிகள். என் நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்து பெருமாள் சேவைக்கு வந்திருந்தார்கள். பத்தரை மணிக்குள் திரும்பி வந்து அவர்களுக்குச் சமையலைப் பார்க்க வேண்டும். எங்கள் ஃப்ளாட் ஸ்ரீரங்கத்திலேயே என்பதால் ஆட்டோவில் கால் மணி நேரம்தான். தென்னந்தோப்புகளைத் தாண்டிக் கொள்ளிடத்தின் கரையில் ஏறினோம். அந்தக் கரைமேல் மண்சாலை. மனை கரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்தேன். ஆட்டோ கரையில் ஏறி, மறுபக்கம் இறங்கியது.

இதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆற்றின் கரையைத் தாண்டி, ஆற்றுப் பக்கமாக இறங்கி, அங்கே வீட்டுமனை பார்ப்பார்களா என்று கேட்பார்கள். திருச்சிக்காரர்கள் பார்ப்போம். எங்களுக்குக் கொள்ளிடம் என்றால் வருஷத்தில் பதினோரு மாதம் மணல். அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், மாடு மேய்ப்பார்கள், பட்டம் விடுவார்கள். தண்ணீர் என்று ஒன்று எங்கோ நடுவில் வாய்க்கால் அகலத்துக்கு ஓடும். அந்த வருஷங்களில் அதுவும் இல்லை. காவிரியில் மிஞ்சுகிற வெள்ளம் முழுவதையும் முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத்தான் திருப்பிவிடுவார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மிஞ்சுவதற்கு எங்கே வந்தது தண்ணீர்? கண்ணால் பார்ப்பதை நம்பிப் பழகிவிட்டோம்.

ஆட்டோ கரை இறங்கும்போது எனக்குத் தட்டியது. சத்தியமாகத் தட்டியது. இது படுகை, ஆற்றின் வீடு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் நான் இதை உட்கார்ந்து எழுதியிருக்கவே மாட்டேன்.

இறங்கியதும் புரோக்கர் ஓடிவந்தார். "ஜாக்ரபி டீச்சர் வராங்கன்னு சொன்னாங்க. உக்காருங்கம்மா." பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. ஆயாம்மாவின் வீட்டுக்காரர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நின்றார். கல் ஊன்றிய மற்ற மனைகளைப் பார்க்க வந்திருந்த ஏழெட்டுப் பேரும் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஒரு கரும்பலகைதான்; அது இல்லாமலே ஆரம்பித்தேன். குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து ஆயாம்மாவின் வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது வண்டல். காவேரி மலையிலேர்ந்து அரிச்சுக் கொண்டுவந்து போட்டது. ஒரு காலத்துல குடகுல மலையா இருந்தது இப்ப உங்க கையில இருக்கு."

அவர் அந்த மண்ணைப் பிரசாதம் மாதிரிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தர் "அடேயப்பா" என்றார். நான் மேலே போனேன். ஸ்ரீரங்கம் என்பதே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஒரு தீவு என்றேன். உலகத்தின் பெரிய நாகரிகங்கள் எல்லாம் இப்படிப்பட்ட மண்ணில்தான் பிறந்தன என்றேன். நைல் நதியைக்கூட விடவில்லை.

ஆயாம்மா மட்டும் இடையில் கேட்டார். "ஆறு இவ்வளவு கிட்டக்க இருக்கே டீச்சர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவருடைய வீட்டுக்காரரும் பார்த்தார். வேண்டாம் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பார்கள். விளக்க வேண்டும், புரோக்கர் எதிர்வாதம் செய்வார், குடித்த இளநீருக்கு மரியாதை இருக்காது, வேறு மனை பார்க்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை என்னையே கூப்பிடுவார்கள். மணி பத்தாகிவிட்டது. இத்தனையும் ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது.

"கிட்ட இருந்தா என்ன? போர் போட்டா இருபதடியில கல்கண்டாத் தண்ணி வரும். கே.கே. நகர்ல முந்நூறு அடி போட்டவங்களைக் கேட்டுப் பாருங்க, காத்துதான் வருதுன்னு சொல்லுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். புரோக்கர் கைதட்டாத குறை. "டீச்சரே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" என்றார் ஆயாம்மாவின் வீட்டுக்காரர். மறு மாதமே பதிவு செய்தார்கள்.

வீடு கட்டினார்கள். ஹாலோ பிளாக் சுவர், சிமெண்ட் ஷீட்டுக் கூரை, முன்னால் ஒரு முருங்கை. கிரகப்பிரவேசத்தில் முதல் பந்தியில் முதல் இலை எனக்குப் போட்டார்கள். வந்தவர்களிடமெல்லாம் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "இவங்க சொன்னாங்க, வாங்கினோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாயசத்தைக் குடித்தேன். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை.

மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆயாம்மா முருங்கைக்காய் கொண்டுவந்து தருவார், சாம்பாரில் போடுவேன். அந்த மண்ணில் விளைந்தது நல்ல சதைப்பற்றாகத்தான் இருந்தது.

நாலாவது வருஷம் கர்நாடகத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டூர் நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தபோது ஊரே குதித்தது. அப்புறம் வருகிற தண்ணீரையெல்லாம் அப்படியே திறந்துவிட்டார்கள். ஒரு ஆடி மாத சனிக்கிழமை மாலை என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"கொள்ளிடத்துல கரை கொள்ளாம ஜலம் போறதாம். போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"ஒரு நிமிஷம் இருங்கோ, புடவை மாத்திண்டு வந்துடறேன்" என்றேன். திருவிழாவுக்குப் போகிற மாதிரிதான் போனேன்.

டோல்கேட் போகிற பாலத்தில் நிற்க இடமில்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள். சுட்ட சோளம் விற்கிறான் ஒருவன். வழக்கமாக மணலாகக் கிடக்கிற இடம் முழுக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, காப்பி நிறத்தில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் "காவேரித் தாயே" என்று போட்டேன். டீச்சர்கள் பதிலுக்குப் பூப் படங்களாக அனுப்பினார்கள். அதன்பிறகுதான், பாலத்தின் கிழக்குப் பக்கம் கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று அங்கே போய் நின்றேன்.

தூரத்தில் தண்ணீருக்கு நடுவே கட்டம் கட்டமாக ஏதோ மிதப்பது போலத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். அவை மிதக்கவில்லை. கூரைகள்.

போனை எடுத்து ஆயாம்மாவைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் யாரோ ஒரு பெண் தன் பிள்ளைக்கு "பாரு, எவ்வளவு அழகு" என்று காட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் ஒரு சோளத்தை நீட்டினார். வேண்டாம், தலைவலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முதலில் செய்த வேலை அந்த ஸ்டேட்டஸை அழித்ததுதான்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானமே அதிகாரிகள் வந்து எல்லாரையும் கிளப்பி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அது தெரியும்வரை நான் எத்தனை முறை பெருமாளிடம் பேரம் பேசினேன் என்று எனக்கே கணக்கில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்பையே அணைத்துவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு டீச்சர்கள் நாலு பேர் சேர்ந்து போனோம். புடவைகள், ஒரு குக்கர், போர்வைகள். குக்கர் நான் வாங்கியது. பெரியதாகப் பார்த்து வாங்கினேன். "உங்களுக்குத்தான் ஆயாம்மா மேல எவ்வளவு பிரியம்" என்று ஒரு டீச்சர் சொன்னபோது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரையில் ஏறி, மறுபக்கம் இறங்கினோம். வீட்டின் பின்சுவர் இல்லை. கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே முழங்கால் அளவுக்கு வெள்ளை மணல், அலை அலையாக, யாரோ விரலால் கோடு போட்டதுபோல. ஆறு சுமந்துவந்ததை வேகம் குறைகிற இடத்தில் இறக்கிவைக்கும் என்று வருஷா வருஷம் சொல்கிறேனே, அது ஆயாம்மாவின் சமையலறையில் இறங்கியிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் ஒரு தட்டால் மணலை அள்ளி வாசலில் கொட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி ஆற்றோடு போய்விட்டதாம்.

எங்களோடு வந்த கணக்கு டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "யாருங்க உங்களை இங்க வாங்கச் சொன்னது? ஆத்துக்குள்ள போய் யாராவது வீடு கட்டுவாங்களா?"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். "எங்க நேரம்மா, வேற யாரைச் சொல்றது?" என்றார். மறுபடி குனிந்து அள்ள ஆரம்பித்தார்.

நான்தான் சொன்னேன் என்று அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூன்று டீச்சர்கள் எதிரில் என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். முதல் தப்புக்காவது ஒரு நொடிதான் அவகாசம் இருந்தது. இரண்டாவதுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. அவர் பத்துத் தட்டு மணல் கொட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

எடமலைப்பட்டி புதூரில் வாடகைக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆயாம்மா பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தார். எப்போதும்போல மணி அடித்தார், பெருக்கினார். என்னைப் பார்த்தால் எப்போதும்போலச் சிரித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அவரைக் கண்டால் வேறு பக்கம் போனேன். கண்டங்கள் பாடத்துக்குக்கூடப் படம் கேட்காமல் கரும்பலகையிலேயே ஆப்பிரிக்காவைக் கோணல்மாணலாக வரைந்து ஒப்பேற்றினேன்.

ஆனால் பாடத்திட்டம் யாருக்காகவும் நிற்காது. ஆற்றுப் பாடம் வந்தது. நான் கேட்காமலே ஆயாம்மா அந்தப் படத்தைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். மேலே அருவி, நடுவில் வளைந்து வளைந்து ஓடும் ஆறு, கீழே பச்சையாக வெள்ளச் சமவெளி. மாட்டிவிட்டுச் சுருக்கம் நீவிவிட்டுப் போனார். நான் குச்சியை எடுத்தேன். அருவியைச் சொன்னேன், பள்ளத்தாக்கைச் சொன்னேன். பச்சை இடம் வந்ததும் குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டேன். "அடுத்த பத்தியை யாராவது வாசிங்க" என்றேன். ஒரு பெண் எழுந்து கணீரென்று வாசித்தாள். அவள் வாசித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன்.

மணி அடித்ததும் படத்தை நானே சுருட்டிக்கொண்டு மாடி இறங்கினேன். மேப் ரூமில் ஆயாம்மா உலக உருண்டையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஆயாம்மா, அந்த மனை விஷயத்துல நான் தெரியாமச் சொல்லல. தெரிஞ்சேதான் சொன்னேன். கரை இறங்கும்போதே எனக்குத் தெரியும், அது ஆத்தோட இடம்னு. அன்னைக்கு எனக்கு அவசரம். எல்லாரும் என்னை ஆகா ஓகோன்னு பாத்ததுல வேணாம்னு சொல்ல வாய் வரல. என்னை மன்னிச்சிருங்க."

அழுதுவிட்டேன். அவர் துணியை வைத்துவிட்டு என் கையிலிருந்த படத்தை வாங்கி மூலையில் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"எனக்கும்தான் தெரியும் டீச்சர். எங்க அப்பா வீடு முசிறிப் பக்கம், ஆத்தோரம்தான். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஆறு வீட்டுக்குள்ள வந்து எங்க ஆடு பூராத்தையும் இழுத்துட்டுப் போச்சு. கரைக்கு உள்ள வேணாம், வேணாம்னு ராவும் பகலுமா இவருகிட்டச் சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னுட்டாரு. என் பேச்சு அவருக்கு ஏறாது. படிச்சவங்க சொன்னா ஏறும்." உருண்டையை எடுத்து அலமாரியில் வைத்தார். "நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுவீங்கன்னுதான் டீச்சர் உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."

அடுத்த பீரியடுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் எழுந்து மணி அடிக்கப் போனார். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். மண்ணைப் பற்றியும் நைல் நதியைப் பற்றியும் அவ்வளவு பேசினேன். அவர் கேட்டுவந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவைப்பட்டிருக்காது. அன்றைக்கு அந்த ஆற்றோரத்தில் அவர் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.